நல்ல சேதி மட்டும் சொல்லும் வீடு

போன வருஷம் ஜூன் மாதம் என் தங்கச்சி மூன்று வாரம் மலாவிக்குப் போய் வந்தாள். கண் ஆஸ்பத்திரியில் பதினாறு வருஷமாக ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் அவள். அங்கே கண்புரை ஆபரேஷன் முகாமுக்கு அனுபவமுள்ள நர்ஸ் வேண்டும் என்று கேட்டார்கள். பெயர் கொடுத்தாள், கூப்பிட்டுவிட்டார்கள். ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஆப்பிரிக்கா எப்படி இருந்தது, சிங்கம் பார்த்தாளா என்றுதான் கேட்கிறார்கள். நான் எழுத நினைத்தது வேறு. அந்த மூன்று வாரத்தில் எங்கள் குடும்பத்தில் இரண்டு கெட்ட சேதி வந்தது. ஒன்று அங்கே நடந்தது, ஒன்று இங்கே நடந்தது. இரண்டையும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதை நான் கையாண்ட விதம் சரியில்லை. இதுபோல வீட்டிலிருந்து ஒருவரை மருத்துவப் பணிக்கு அனுப்பப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் கிளம்பிய கதை. மலாவி ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில் இருக்கிறது. கடல் கிடையாது, கடல் மாதிரி ஓர் ஏரி உண்டு. தங்கச்சி போனது தெற்கே, 3,000 மீட்டர் உயர முலாஞ்சே மலையின் அடிவாரத்துக்கு. மும்பை, அடிஸ் அபாபா வழியாக பிளாண்டயர், அங்கிருந்து காரில். டிக்கெட் செலவு அவளுடையது. அதற்காக ஒரு வருஷமாகச் சீட்டு கட்டினாள்.

காகித வேலைதான் எங்களை முதலில் அலைய வைத்தது. வெளிநாட்டில் நோயாளியைத் தொட வேண்டுமானால் அந்த நாட்டு நர்ஸ் கவுன்சிலில் தற்காலிகமாகப் பதிவு செய்ய வேண்டும். இவளுடைய நர்சிங் சர்டிபிகேட்டில் அப்பா பெயரின் முதலெழுத்து இனிஷியலாக இருக்கிறது. பாஸ்போர்ட்டில் கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் ஏறியிருக்கிறது. பள்ளி மார்க் ஷீட்டில் பெயரின் எழுத்துக்கூட்டலே வேறு. இந்த மூன்றும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, தமிழ்நாட்டு நர்ஸ் கவுன்சிலிலும் ஒரு கடிதம் வாங்கி அனுப்ப இரண்டு மாதம் ஓடிவிட்டது. நம் ஊர்ப் பெண்களில் பாதிப் பேருக்கு இந்தச் சிக்கல் இருக்கும். போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிற கட்டத்திலேயே பெயர்களை வரிசையாக எழுதி ஒத்துப் பாருங்கள்.

அப்புறம் ஊசிகள். எத்தியோப்பியா மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் இருக்கிற நாடு. அந்த வழியாகப் போய் வருவதால் எதற்கு வம்பு என்று சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டாள். போட்டதற்குச் சான்றாகத் தரும் மஞ்சள் அட்டை பத்து நாள் கழித்துத்தான் செல்லும், அதன் பிறகு ஆயுசுக்கும் போதும். மலேரியா தடுப்புக்கு டாக்டர் டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுத்தார். கிளம்புவதற்கு முந்தின நாள் தொடங்கி, திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் தினம் ஒன்று. சாப்பாட்டோடு, நிறையத் தண்ணீர் குடித்து விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக் கூடாது, நெஞ்சைப் புண்ணாக்கிவிடும். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி பழையதுதான். ஆனால் உடம்பில் அதன் எதிர்ப்புச் சக்தி இன்னும் இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்துக்கொண்டாள். நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். ஏன் என்பது கீழே வரும்.

ஒன்றில் நாங்கள் எல்லாருமே ஏமாந்தோம். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து மெல்லிய பருத்திச் சுடிதார்களாக எடுத்து வைத்தோம். பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஜூன், ஜூலை குளிர்காலம். முலாஞ்சே பக்கம் சிப்பரோனி என்று ஒரு தூறல், பனிமூட்டத்தோடு நாள் கணக்கில் நிற்குமாம். சுற்றிலும் தேயிலைத் தோட்டம். வால்பாறையில் மார்கழி மாதிரி இருக்கிறது என்று சொன்னாள். முதல் வாரம் முழுக்க அங்கிருந்த ஒரு நர்ஸ் கொடுத்த ஸ்வெட்டரில்தான் ஓட்டினாள். அந்த ஸ்வெட்டர் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லியும் கொடுத்தனுப்பிவிட்டார். இன்னொன்று: அங்கே பிளக் சதுர முள் மூன்று உள்ளது. நம் சார்ஜர் நுழையாது. அடாப்டர் இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டு ஏற்பாடு சுலபமாக முடிந்தது. தங்கச்சி வீட்டுக்காரர் எலெக்ட்ரிக்கல் கடையை ஏழு மணிக்கே பூட்டிவிட்டு வருவார், பிள்ளைகள் இரண்டும் மாலையில் என் வீட்டில் இருக்கும். அம்மா எங்கள் இருவர் வீட்டுக்கும் நடுவில் தனியாக இருக்கிறாள். அவளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். இரவு எட்டரைக்கு, அங்கே மாலை ஐந்து மணிக்கு, தினம் ஒரு வாய்ஸ் மெசேஜ். ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால். சேதி சொல்வதைப் பற்றி நாங்கள் செய்த ஏற்பாடு அவ்வளவுதான்.

அந்த மெசேஜ்களுக்காக எட்டேகாலிலிருந்தே எல்லாரும் அம்மா வீட்டில் கூடிவிடுவோம். மலாவியில் கண் டாக்டர்கள் மிகக் குறைவு. எம்.பி.பி.எஸ். படிக்காத, ஆனால் கண் மருத்துவத்தில் தனிப் பயிற்சி பெற்ற கிளினிக்கல் ஆபீசர்கள்தான் பல இடங்களில் கண்புரை ஆபரேஷனே செய்கிறார்கள். இவர்களுடைய குழு அவர்களோடு சேர்ந்து வேலை செய்தது. தையல் போடாத சிறு கீறல் முறைதான். இதை அதிக எண்ணிக்கையில், குறைந்த செலவில் எப்படிச் செய்வது என்று உலகத்துக்குக் காட்டியதில் மதுரைக்குப் பெரிய பங்கு உண்டு. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் பதினோரு படுக்கையோடு தொடங்கிய ஆஸ்பத்திரி 1992-இல் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸையும் இங்கேயே செய்ய ஆரம்பித்தது. முலாஞ்சேயில் முதல் நாள் லென்ஸ் பெட்டியைப் பிரித்தால் மதுரை முகவரி. அதைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். அம்மா போனைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் தெரியல, நீயே படிடி" என்றாள். அம்மாவுக்கே இரண்டு கண்ணிலும் புரை. பங்குனி போகட்டும், ஆடி போகட்டும் என்று இரண்டு வருஷமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். நானும் விட்டுவிட்டேன். அதற்கான பலன் பின்னால் வந்தது.

தங்கச்சி அதிகம் பேசியது ஆபரேஷனைப் பற்றி இல்லை, பெயர்களைப் பற்றி. ஆபரேஷன் செய்யும் கண்ணுக்கு மேலே நெற்றியில் ஒரு பிளாஸ்டர் துண்டு ஒட்டி, பெயரையும் லென்ஸ் பவரையும் எழுதுவது பழக்கம். அங்கே பண்டா, பிரி என்ற பெயர்கள் நம் ஊர் முருகன், செல்வி மாதிரி. மூன்றாம் நாள் லிஸ்டில் நான்கு பண்டா. அதில் இரண்டு பேர் பாட்டிகள், இரண்டு பேருக்கும் வலது கண். ஒருவருக்கு 21 பவர் லென்ஸ், இன்னொருவருக்கு 24. மாற்றி வைத்தால் ஆபரேஷன் நன்றாக முடிந்தும் பார்வை மங்கலாகவே இருக்கும், என்ன தப்பு என்று அந்தப் பாட்டிக்குத் தெரியவே தெரியாது. மேஜையில் படுக்க வைத்த பிறகு உள்ளூர் நர்ஸ் ஊர்ப் பெயரைக் கேட்டதால்தான் பிடிபட்டது. அன்றிலிருந்து பிளாஸ்டரில் பெயர், ஊர், பவர் மூன்றும். "அக்கா, இது நான் அவங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இல்ல, அவங்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது" என்றாள்.

சாப்பாடு அவளுக்கு ஒத்துப்போனது. ந்சிமா என்று மக்காச்சோள மாவில் கெட்டியாகக் கிண்டிய களி. தொட்டுக்கொள்ள உசிபா, ஏரியில் பிடித்துக் காயவைத்த பொடி மீன். "நெத்திலிக் கருவாடும் களியும்மா, வேற ஒண்ணும் இல்ல" என்றதும்தான் அம்மாவுக்கு அந்த நாட்டின் மேல் நம்பிக்கை வந்தது.

ஆறாம் நாள் மெசேஜ் எட்டரைக்கு வரவில்லை. ஒன்பதரைக்கு வந்தது. கரண்ட் இல்லை, எல்லாம் நல்லபடி, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று அரை நிமிஷம். பத்து மணிக்கு என் போனுக்குத் தனியாக இன்னொன்று வந்தது. "அக்கா, அம்மாகிட்ட சொல்லாத. கையில ஊசி குத்திருச்சு."

நடந்தது இதுதான். ஆபரேஷன் நடுவே கரண்ட் போனது. ஜெனரேட்டர் பிடிக்கச் சில நொடி ஆகும். அந்த நொடியில் டாக்டர் ஊசியைத் திருப்பிக் கொடுக்க, இவள் கை நீட்ட, இரண்டு கிளவுஸைத் தாண்டி இடது ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. மலாவியில் எச்.ஐ.வி. பாதிப்பு அதிகம். ஆபரேஷன் முடிந்ததும் உள்ளூர் நர்ஸ், ஆபரேஷன் செய்துகொண்ட பாட்டியிடம் விஷயத்தைச் சொல்லி, ரத்தம் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். அங்கே ஒவ்வொரு நோயாளியும் ஹெல்த் பாஸ்போர்ட் என்று ஒரு சின்ன நோட்டை வைத்திருப்பார்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதில்தான் எழுதுவார்கள். பாட்டி ஒரு கண்ணில் கட்டோடு எழுந்து உட்கார்ந்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்புத் துணியில் செருகியிருந்த அந்த நோட்டை எடுத்து தங்கச்சி கையிலேயே கொடுத்தாராம். எனக்கு அந்த நோய் இருக்கிறது, இத்தனை வருஷமாக ஒரு நாள் விடாமல் மாத்திரை சாப்பிடுகிறேன், இதோ பார், நீயும் இப்பவே போய் மாத்திரை வாங்கிக்கொள் மகளே என்று சொல்லி, இவள் கையைப் பிடித்துக்கொண்டாராம். வெட்கமோ தயக்கமோ இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் தங்கச்சி முதல் மாத்திரையை விழுங்கிவிட்டாள்.

இதைப் படிக்கிற நர்ஸ்களும் மருத்துவ மாணவர்களும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குத்திய இடத்தை அழுத்திப் பிழியக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தடுப்பு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் சுமார் மூன்று. அவர் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டுக் கிருமி அடங்கியிருந்தால் அது இன்னும் மிகக் குறைவு. போகிற ஆஸ்பத்திரியில் இந்த மாத்திரை இருக்கிறதா, இரவில் யார் எடுத்துத் தருவார்கள் என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது சுற்றுலா என்று போடாமல் மருத்துவப் பணி என்று சொல்லியே எடுங்கள். அந்தத் தியேட்டரில் மறுநாளிலிருந்து ஒரு விதி வந்தது: கரண்ட் போனால் கையில் எது இருந்தாலும் எல்லாரும் அப்படியே நிற்க வேண்டும், வெளிச்சம் வந்து டாக்டர் "சரி" என்று சொல்லும் வரை யாரும் எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது.

அன்றைக்கு இரவு நான் தூங்கவில்லை. ஆயிரத்தில் மூன்று என்று மூளைக்குத் தெரிகிறது, வயிறு கேட்கவில்லை. வீட்டுக்காரரிடமாவது சொல் என்று அவளிடம் வற்புறுத்தினேன். டெஸ்ட் எல்லாம் முடிகிற வரை கணவன் மனைவி பாதுகாப்போடு இருக்க வேண்டும், ரத்த தானம் கூடாது. அவரிடம் மறைக்கிற விஷயமே இல்லை இது. சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, மாத்திரை சாப்பிடுவதற்கு தினமும் நானே ஞாபகப்படுத்துகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அம்மாவிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

மூன்று நாள் கழித்து, விடிகாலை ஐந்தரைக்கு அம்மா குளியலறைப் படியில் விழுந்தாள். படியின் ஓரமும் தரையும் ஒரே வெள்ளை டைல்ஸ். புரை விழுந்த கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும். வலது கையை ஊன்றியதில் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வரும்போது அம்மா முதலில் சொன்னது, "சின்னவகிட்ட சொல்லிராத. அவ பாதியில ஓடி வந்துருவா."

நானும் தலையாட்டினேன். அம்மாவுக்கு அந்தச் சேதி தெரியாது, தங்கச்சிக்கு இந்தச் சேதி தெரியாது, நடுவில் நான் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் எல்லாம் நல்லபடி என்று மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளிடம் வேறு, அம்மாகிட்ட பாட்டி கையைப் பத்திப் பேசக் கூடாது என்று சொல்லி வைத்தேன். சின்னவன் நான்காம் வகுப்பு. பேசினால் உளறிவிடுவோம் என்று பயந்து அவன் இரண்டு நாளாக வாய்ஸ் மெசேஜே அனுப்பவில்லை. அவனுக்கு அந்தப் பாரத்தைக் கொடுத்ததற்கு இன்றும் வருத்தப்படுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால். அம்மா வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, கட்டிலில் சாய்ந்து நன்றாகத்தான் பேசினாள். நடுவில் மருமகப்பிள்ளை காபி கொண்டுவந்து கொடுத்தார். அம்மா இடது கையால் டம்ளரை வாங்கி, ஆற்றாமல், டபராவைத் தொடாமல், அப்படியே வாயில் வைத்து உறிஞ்சினாள். எழுபது வயது வரைக்கும் அம்மா ஆற்றாத காபியைக் குடித்து நாங்கள் பார்த்ததில்லை. தங்கச்சி ஒன்றும் கேட்கவில்லை. கால் முடிந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு மெசேஜ் வந்தது. "அம்மா வலது கைக்கு என்ன ஆச்சு?"

சொன்னேன். அவள் அழுதாள். விழுந்ததற்காக அழவில்லை. "எனக்கு ஊசி குத்துன அன்னைக்கே நான் உன்கிட்ட சொன்னேன்ல? நீ மட்டும் ஏங்க்கா என்கிட்ட மறைச்ச? இப்ப நீ எல்லாம் நல்லபடின்னு சொன்னா நான் எப்படி நம்புறது?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு ராத்திரி அவள் ஒவ்வொன்றாக மறுபடி கேட்டாள்: சின்னவன் காய்ச்சலா, ஏன் பேசவில்லை, கடையில் பிரச்சினையா, பெரியவள் பரீட்சை எழுதினாளா. ஒரு பொய்க்குப் பிறகு எல்லாமே அவளுக்குச் சந்தேகமாகிவிட்டது. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, மறுநாள் காலை இருபது பேருக்கு ஆபரேஷனுக்குக் கருவி எடுத்துக் கொடுக்க வேண்டியவளின் மனநிலை அது. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் செய்த காரியம்.

மறுநாள் அவளிடம் கேட்டுக்கொண்டு, அம்மாவிடம் ஊசி விஷயத்தை நானே சொன்னேன். எச்.ஐ.வி. என்ற வார்த்தையையும் சேர்த்துத்தான் சொன்னேன். மயக்கம் போடுவாள், ஊரைக் கூட்டுவாள் என்று பயந்திருந்தேன். அம்மா கொஞ்ச நேரம் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்புறம், "அந்தக் கிழவி தானாவே நோட்டை எடுத்துக் கொடுத்தாளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அவளுக்குக் கண்ணு தெரிஞ்சுச்சா?" என்றாள். தெரிந்தது, கட்டுப் பிரித்ததும் தன் பேத்தியின் துணியில் இருந்த பூவைக் காட்டினார் என்று சொன்னேன். அம்மா தலையாட்டினாள். இரவு எட்டரைக்கு அவளே போனை வாங்கி, "மாத்திரை போட்டியாடி?" என்று மட்டும் கேட்டு அனுப்பினாள். அதிலிருந்து 28 நாள் மாத்திரை முடிகிற வரை தினமும் அந்தக் கேள்வி போனது. மருமகப்பிள்ளைக்கு ஞாபகப்படுத்தும் வேலை மிச்சம்.

தங்கச்சி முழு மூன்று வாரமும் இருந்துவிட்டுத்தான் வந்தாள். வந்த பத்தாம் நாள் லேசாகக் காய்ச்சல் அடித்தது. போன கிளினிக்கில் வைரல் என்று மாத்திரை எழுதப் போனார்கள். ஆப்பிரிக்கா போய் வந்தேன், மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கள் என்று இவளே கேட்டு வாங்கினாள். மலேரியா இல்லை, சளிக் காய்ச்சல்தான். ஆனாலும் அங்கே போய் வந்தவர்களுக்குச் சில மாதங்கள் வரை எப்போது காய்ச்சல் வந்தாலும் முதல் வார்த்தையாக இதைச் சொல்லுங்கள். அங்குள்ள ஃபால்சிபாரம் மலேரியா ஓரிரு நாளிலேயே ஆளைச் சாய்த்துவிடும்.

இந்த வருஷம் மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த முறை போகும் முன் குடும்பமாக உட்கார்ந்து பேசிவிட்டோம். கெட்ட சேதியானால் அன்றைக்கே சொல்வது, இரண்டு பக்கமும். சொல்லும் ஆள் நான், நான் இல்லாவிட்டால் தங்கச்சி வீட்டுக்காரர். யாருக்கு என்ன நடந்தால் அவள் திரும்பி வர வேண்டும், எதற்கு வர வேண்டாம் என்பதையும் அவளே சொல்லி எழுதி வைத்தாள். அம்மா கை முறிந்தால் வர மாட்டாளாம். அம்மா அதைக் கேட்டுக் கோபித்துக்கொள்ளவில்லை. கரண்ட் இல்லாமல் மெசேஜ் வராவிட்டால் ஒரு நாள் முழுக்கப் பொறுப்பது, அதற்கு மேல் குழு ஒருங்கிணைப்பாளரின் எண்ணுக்குக் கூப்பிடுவது. பிள்ளைகளிடம் எதையும் மறைக்கச் சொல்வதில்லை.

அம்மாவின் கண் ஆபரேஷன் பாக்கி இருந்தது. மாவுக்கட்டு பிரித்ததும் செய்துவிடலாம் என்றோம். "சின்னவளுக்கு மூணு மாச டெஸ்ட் முடியட்டும், அதுக்கப்புறம்தான் என் கண்ணு" என்று பிடிவாதமாக நின்றாள். ஆறாவது வாரம் எடுத்ததில் ஒன்றும் இல்லை. மூன்றாம் மாதம் எடுத்ததிலும் ஒன்றும் இல்லை. ரிசல்ட் தாளை அம்மா வாங்கி, எழுத்துத் தெரியாமலே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பீரோவில் நகைப் பெட்டிக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

புரட்டாசிக் கடைசியில் நாள் குறித்தோம். சொந்த அம்மாவுக்கு நானே நிற்க மாட்டேன் என்று தங்கச்சி தியேட்டருக்கு வெளியே என்னோடு நின்றாள். சின்னப் பெண் ஒருத்தி, புதிதாகச் சேர்ந்த நர்ஸ், அம்மா நெற்றியில் பிளாஸ்டர் ஒட்டிப் பெயரை எழுதினாள். எங்கள் அம்மா பெயரிலேயே அன்றைக்கு லிஸ்டில் மூன்று பேர். அம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பேரை மட்டும் எழுதாத தாயி. ஊரையும் எழுது."